செமன் டின் குழம்பின் பழைய ருசி எங்கே போனது?

செங்கோட்டைக்கு மருமகளாக வந்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "என் மாமியார் சிலோனில் பிறந்து, சின்ன வயதில் குளத்துப்புழை ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். கொல்லத்து மீனும் தூத்துக்குடி மீனும் வருகிற ஊரில் இருந்துகொண்டு மாதம் ஒரு முறையாவது டின் மீன் வாங்கிவரச் சொல்கிறார். குழம்பு வைத்துக் கொடுத்தால், 'நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ருசி இல்லை' என்கிறார். டின் பாலில் டீ போட்டாலும் அதே பேச்சு. அப்படி ஒரு ருசி நிஜமாகவே இருந்ததா, இல்லை எல்லாம் நினைப்புதானா?"

இருந்தது. உங்கள் மாமியார் சொல்வது சரி. அதில் நினைப்பின் பங்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் டின்னுக்குள்ளும் சட்டிக்குள்ளும் நடந்த காரியம். முக்கால்வாசியைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். எப்படி என்று சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நானும் குளத்துப்புழை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள்தான். சிலோனில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து 1977-ல், ஏழு வயதில் இங்கே வந்தேன். படித்து முடித்ததும் கொல்லத்தில் மீனை டின்னில் அடைக்கும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலை கிடைத்தது. பதினோரு வருடம் அங்கே. இப்போது புளியரையில் இருக்கிறேன். டின் மீனைத் தின்றும் வளர்ந்தேன், அடைத்தும் சம்பாதித்தேன்.

எங்கள் கதை தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 தோட்டத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். கேரளத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1976-ல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து ரீஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற அரசு நிறுவனம் வந்தது. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அதன் ரப்பர் தோட்டங்கள். கொழுந்து கிள்ளிய கைகள் ரப்பர் மரம் வெட்டப் பழகின.

அட்டன் நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கிற மலையூர். கடல் நாலு பக்கமும் சூழ்ந்த தீவுதான் என்றாலும் பச்சை மீன் லயத்துக்கு வருவது அபூர்வம். வந்தது இரண்டு: கருவாடு, அப்புறம் செமன் டின். செமன் என்பது சால்மன். ஆனால் அந்த டின்னுக்குள் சால்மன் மீன் இருந்ததில்லை. பழைய காலத்தில் எப்போதோ நிஜ சால்மன் டின் வந்திருக்கும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்தது ஜாக் மேக்கரல் என்கிற மீன். நம் பாறைக்கு உறவு, பார்வைக்கு அயிலை மாதிரி இருக்கும். டின்னின் மேலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கும். வாங்குகிறவர் வாயில் மட்டும் அது செமன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீடுகளில் டின் மீன் பச்சை மீனுக்கு மாற்றாக வரவில்லை. கருவாட்டுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். பச்சை மீன் குழம்பில் ஆளுக்கு இரண்டு துண்டு விழ வேண்டும். கருவாட்டுக் குழம்பில் அந்தக் கணக்கு இல்லை. ஒரு பிடி கருவாடு, சட்டி நிறையக் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, மாங்காய், பலாக்கொட்டை. வாசம் கருவாட்டுடையது, வயிறு நிறைவது காயால். டின் மீனையும் அப்படித்தான் ஆண்டோம். ஒரு டின், எட்டுப் பேர். அதனால் 'அந்த ருசி' என்று உங்கள் மாமியார் சொல்வது மீனின் ருசியே இல்லை. மீன் சாறு ஊறிய உருளைக்கிழங்கின் ருசி. இப்போது நீங்கள் மூன்று பேருக்கு ஒரு டின்னைக் கவிழ்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மீன் அதிகமாகிவிட்டது, அதுதான் முதல் கோளாறு.

நாங்கள் கிளம்பிய காலத்தில் சிலோனில் செமன் டின்னே அருமைப்பட்ட பொருளாகிவிட்டது. 1970-லிருந்து 77 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசை, அரிசிக்குக் கூப்பன், தோட்டங்களில் பட்டினி. அந்த நேரத்தில் அம்மா எங்கிருந்தோ இரண்டு டின் சம்பாதித்து, தகரப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். எப்படிக் கிடைத்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒன்றை மண்டபத்திலேயே உடைத்தோம். மற்றது குளத்துப்புழையில் முதல் தீபாவளிக்கு.

டின் திறப்பான் எங்களிடம் இல்லை. அப்பா ரப்பர் வெட்டுகிற கத்தியைக் கையில் எடுக்க, அம்மா சத்தம் போட, கடைசியில் அரிவாள் மூக்கும் ஒரு கல்லும் வேலையை முடித்தன. பிற்பாடு ஆலைப் பயிற்சியில் எங்களுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கிலாந்தில் தகர டின்னுக்குக் காப்புரிமை வாங்கியது 1810-ல். அதைத் திறக்கவென்று ஒரு கருவி வந்தது 1850-களில். நடுவில் நாற்பது வருடம் உளியும் சுத்தியலும்தான். அப்பா செய்ததும் அதே முறைதான்.

இன்னொரு வேடிக்கை. குளத்துப்புழை சாஸ்தா கோயில் கடவில் கல்லடையாற்று மீன்களுக்குப் பொரி போடுவதே வழிபாடு. 'திருமக்கள்' என்று பெயர் சொல்லிக் கும்பிடுவார்கள், யாரும் தொட மாட்டார்கள். முழங்காலளவு தண்ணீரில் கைக்கெட்டும் தூரத்தில் அத்தனை பெரிய மீன்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஏதோ ஒரு தூரத்துக் கடலில் பிடித்து, தகரத்தில் அடைத்து, கப்பலில் வந்த மீனை நாங்கள் தின்றோம்.

சரி, ருசிக்கு வருவோம். இன்றைக்கு இந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் டின்களில் பெரும்பாலும் சூரை. சூரியகாந்தி எண்ணெயில் மிதக்கும், முள் கிடையாது, சதை சதையாக உதிரும். சாலட்டுக்கும் சாண்ட்விச்சுக்கும் நல்லது. குழம்புக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்கள் மாமியார் தின்றது உப்புத் தண்ணீரில் அடைத்த மீன். 425 கிராம் உயர டின். மீனை முள்ளோடும் தோலோடும் குறுக்கே வெட்டி, பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ டின்னில் நிறுத்தி, மூடி, அதற்குப் பிறகுதான் வேகவைக்கிறார்கள். மீன் வேகும்போது இறங்குகிற சாறு முழுக்க டின்னுக்குள்ளேயே நிற்கிறது. 'டின் தண்ணி' என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அதைக் கீழே கொட்டுகிற பெண்ணை எங்கள் லயத்தில் ஒரு வாரம் பேசுவார்கள்.

ரிட்டார்ட் என்று ஒரு பெரிய கொதிகலன். குக்கரின் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய டின்களை அதற்குள் அடுக்கி, நீராவி அழுத்தத்தில் 115-லிருந்து 121 டிகிரி வரை சூடேற்றுவார்கள். வெறும் கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டுக்குச் சாகாத கிருமி வித்து ஒன்று உண்டு, பொட்டுலினம் என்று பெயர். காற்றில்லாத இடத்தில் முளைத்து விஷம் கக்கும், மூடிய டின் அதற்குச் சொர்க்கம். ஆகவே டின்னின் நட்டநடுப் பகுதி 121 டிகிரியில் குறைந்தது மூன்று நிமிடம் இருந்ததற்குச் சமமான சூட்டை வாங்கியாக வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்த அடுக்கு முழுவதும் நிறுத்திவைக்கப்படும். மீனுக்கு அதைவிட அதிகமாகவே கொடுப்பார்கள், முள் மெத்தென்று ஆக வேண்டுமே. டின் மீனின் நடுமுள் வாயில் மாவாகக் கரைவது இப்படித்தான். அந்த முள் உடைந்து கரைவதால்தான் குழம்பு கொஞ்சம் கெட்டியாக, நாக்கில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். முள்ளில்லாத சூரையில் அது வராது. சுண்ணாம்புச் சத்து வேறு போய்விடுகிறது.

வயது என்று இன்னொரு சங்கதி உண்டு. டின்னில் அடைத்த மீன் அடைத்த அன்றைக்கு நன்றாக இருக்காது. ஆலையில் சோதனைக்காகப் புது டின்னை உடைத்துத் தின்போம். மீன் தனி, உப்பு தனி, எண்ணெய் தனி என்று இருக்கும். சில மாதம் கழித்து அதே அடுக்கில் ஒரு டின் எடுத்தால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். எண்ணெயில் அடைத்த சாளைக்கு இது இன்னும் அதிகம், ஐரோப்பாவில் சாளை டின்னை வருடக்கணக்கில் புரட்டிப் புரட்டி வைத்துத் தின்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குத் தோட்டத்துக் கடைக்கு வந்த டின் கப்பலில் மிதந்து, கொழும்புக் கிடங்கில் கிடந்து, ரயிலில் ஏறி, கடைப் பலகையில் தூசி படிந்து, அப்புறம்தான் எங்கள் கைக்கு வந்தது. பழைய சரக்கு என்று நாம் முகம் சுளிப்பதில்தான் பாதி ருசி.

ஆனால் உங்கள் குழம்பில் இல்லாமல்போன முக்கியமான பொருள் டின்னில் இல்லை. புளியில் இருக்கிறது. செங்கோட்டையில் மீன் குழம்பென்றால் கொட்டைப்புளி கரைத்து ஊற்றுவார்கள். சிலோனில் செமன் குழம்புக்கு கொறக்காய் போடுவோம். அங்கே கொறக்காய் இல்லாமல் மீனே இல்லை. சிங்கள வீடுகளில் அம்புல் தியல் என்று ஒன்று செய்வார்கள். சூரைத் துண்டுகளில் கொறக்காய் விழுதும் மிளகும் உப்பும் பூசிச் சட்டியில் வறள வேகவிட்டால், ஐஸ் பெட்டி இல்லாமலே நாலைந்து நாள் கெடாது. டின்னுக்கும் முந்தைய டின் அது.

இங்கே வந்த புதிதில் அம்மா கொட்டைப்புளியில் வைத்துப் பார்த்து, பிடிக்காமல், சலித்துப்போய் விட்டுவிட்டார். ஒரு மழைக்கால மத்தியானம் பக்கத்து மலையாளச் சேச்சி வீட்டுக்கு நெருப்புக் கேட்கப் போனவர், அடுப்புக்கு மேலே பரணில் கறுப்பாகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். "இது நம்ம கொறக்காய்தானே!" சேச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "இது குடம்புளியாணு" என்றார். இரண்டும் ஒரே சாதிப் புளிதான். பழத்தைப் பிளந்து தோலை வெயிலில் காயவைத்து, அடுப்புப் புகையில் கறுக்கவிட்டு, உப்பும் தேங்காயெண்ணெயும் தடவி பரணியில், அதாவது ஜாடியில், போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். பழசாக ஆக நல்லது. கொட்டைப்புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம், குடம்புளியுடையது வேறு அமிலம், ஹைட்ராக்ஸிசிட்ரிக். அது வேதியியல். நாக்குக்குத் தெரிவது என்னவென்றால், கொட்டைப்புளி முன்னால் வந்து நிற்கும், குடம்புளி மீனுக்குப் பின்னால் நிற்கும், கூடவே லேசான புகை வாசம். அன்றைக்கு அம்மா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. குழம்பு நினைவிருக்கிறது.

அந்தச் சேச்சி வீடு முழுக்கவே பதப்படுத்திய சாமான்தான். பரணியில் உப்புமாங்காய், சாக்கில் வாட்டுகப்பை, அதாவது கப்பைக் கிழங்கை அரைவேக்காட்டில் எடுத்துக் காயவைத்தது, கயிற்றில் மோர்மிளகாய், பிஸ்கட் டப்பாவில் பலாச்சுளை வற்றல். ஜூன் மாதம் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை விடாத ஊர் அது. கடலிலும் போக முடியாது. 1988 முதல் கேரளத்தில் மழைக்கால டிராலர் தடையும் உண்டு. இப்போது ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள். அந்த நாட்களில் செங்கோட்டைச் சந்தையில் மீன் விலை என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். மாமியார் டின் கேட்பதும் ஆனி ஆடியில்தான் அதிகம் என்றால் அதற்கும் காரணம் இதுதான், உடம்பு பழைய கணக்கை மறக்காது.

செய்முறை சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் அடைத்த மேக்கரல் அல்லது சாளை, 425 கிராம் டின் ஒன்று. ஆறு பேருக்கு. கிடைக்காவிட்டால் தக்காளிச் சாற்றில் அடைத்ததை வாங்குங்கள், தக்காளியை நிறுத்திவிடுங்கள். எண்ணெயில் அடைத்த சூரையை மட்டும் வேண்டாம். குடம்புளி இரண்டு சுளையை வெந்நீரில் ஊறப்போடுங்கள். உருளைக்கிழங்கு மூன்று, பெரிதாக நறுக்கியது. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஆறேழு பல், பச்சைமிளகாய் நாலு, தக்காளி ஒன்று. தேங்காயெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து வெங்காயத்தை வதக்கி, மிளகாய்த்தூளையும் மஞ்சளையும் போட்டதும் டின் தண்ணியை அப்படியே ஊற்றுங்கள். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, கல்லுப்பைத் தொடவேண்டாம். உருளைக்கிழங்கும் புளியும் இரண்டாம் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிழங்கு வேகும்வரை மூடிவையுங்கள். மீன் கடைசியில். அது ஏற்கெனவே இரண்டு தரம் செத்தது, மூன்றாவது தரம் வேகவைக்கத் தேவையில்லை. ஐந்து நிமிடம், கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். முதல் பால் ஊற்றி ஒரு கொதி வரும் முன்னே இறக்கிவிடுங்கள்.

ரம்பை இலை ஒரு துண்டு கிடைத்தால் வெங்காயத்தோடு போடுங்கள். தெற்குக் கேரளத்தில் பல வீட்டுக் கொல்லையில் நிற்கும் செடி, பிரியாணிக்குப் போடுவார்கள். ஒரு கன்று வாங்கி நட்டால் புளியரை ஈரத்துக்கே தழைக்கிறது, உங்கள் வீட்டிலும் வரும். இதைச் சோற்றுக்கு ஊற்றாமல் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டிக்குத் தொட்டுக் கொடுத்துப் பாருங்கள். பார்டர் பரோட்டாவுக்குக்கூட நன்றாக இருக்கும், ஆனால் இதை மாமியாரிடம் சொல்லவேண்டாம்.

இதற்குப் பிறகும் கொஞ்சம் குறையும். விறகுப் புகை, மண்சட்டி, எட்டுப் பேர் பசி. அதற்கு என்னிடம் செய்முறை இல்லை.

இனி டின் பால். இதிலும் அவர் சொல்வது சரி, இதற்கான காரணம் மீனைவிடச் சுவாரசியம். டின் பால் மீன் மாதிரி ரிட்டார்டில் வெந்தது இல்லை. பாலில் உள்ள தண்ணீரில் பாதிக்கு மேல் வற்றவைத்து, மொத்த எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை சேர்த்தது. அந்தச் சர்க்கரையில் கிருமி பிழைக்க முடியாது. நெல்லிக்காயைத் தேனில் போடுகிற அதே தத்துவம். கிருமி வளராவிட்டாலும் பால் உள்ளே சும்மா இருப்பதில்லை. பாலின் புரதமும் பால் சர்க்கரையும் ஒன்றோடொன்று மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். வாரங்கள் போகப்போக நிறம் தந்தத்திலிருந்து பழுப்புக்குத் திரும்பும், கெட்டிப்படும், வாசனையில் பால்கோவா ஏறும். சூடான இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். அடுப்புக்குப் பக்கத்துக் கடையில், தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த டின் அப்போது எங்களுக்கு வந்தது. நீங்கள் வாங்குவது போன மாதம் அடைத்து, ஏசிக் கடையில் இருந்தது. பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு டின் வாங்கி, தேதி முடியாத அளவுக்கு ஐந்தாறு மாதம் அலமாரியில் மறந்துவிடுங்கள். அப்புறம் சாயம் கறுக்க இறக்கிய தேத்தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுக் கொடுங்கள்.

மூடிய டின்னைத் தண்ணீரில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு மிட்டாய் ஆக்குகிற வித்தையைச் செய்ய வேண்டாம். லயத்துப் பையன்கள் செய்தார்கள், தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் ஒருநாள் கூரை முழுக்கப் பால். ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம்.

'பால்' என்ற சொல்லே எங்களுக்கு அந்த ஊரில் இரண்டாகிவிட்டது. காலையில் அப்பா எடுக்கப் போவது ரப்பர் பால், சாயங்காலம் தேத்தண்ணீரில் விழுவது டின் பால். என் தம்பி ரொம்ப நாள் இரண்டும் ஒரே மரத்தில் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். எண்பதுகளில் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் போனவர்கள் திரும்பும்போது நீடோ பால்பொடி, ரெயின்போ பால், நீல டின்னில் கிராஃப்ட் சீஸ் என்று கொண்டுவர ஆரம்பித்தார்கள். நீடோவை யாரும் கரைத்துக் குடித்துப் பார்த்ததில்லை. கரண்டியால் அள்ளி வாயில் போட்டு மேலண்ணத்தில் ஒட்டவைப்பதுதான் முறை. சீஸ் எங்களுக்குச் சவக்காரம் மாதிரி இருந்தது, டின்னுக்காக மட்டும் வாங்கிக்கொண்டோம்.

அன்னாசி டின் பற்றியும் சிலர் இதே குறை சொல்வார்கள், பழைய ருசி இல்லை என்று. அதற்கு ஒரு சரியான காரணம் உண்டு. மீன் டின்னின் உட்புறம் அரக்குப் பூச்சு பூசுவார்கள், இல்லாவிட்டால் மீனில் உள்ள கந்தகம் தகரத்தைக் கறுப்பாக்கும். அன்னாசி டின்னுக்கு உள்ளே பூச்சே போடாமல் விடுவார்கள். வெள்ளீயம் மிகச் சிறிய அளவில் கரைந்து பழத்தின் நிறம் மங்காமல் காக்கும், கூடவே ஒரு துளி உலோகக் கூர்மையும் தரும். பிளாஸ்டிக் டப்பாவில் அது எப்படி வரும்?

உடம்புக்கு ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஒழுங்காக வெந்து ஒழுங்காக மூடிய டின் மீனில் பயப்பட ஒன்றுமில்லை, ரசாயனம் போட்டுத்தான் கெடாமல் வைக்கிறார்கள் என்பது தவறான எண்ணம். சூடும் காற்றுப்புகா மூடியும்தான் அங்கே வேலை செய்கின்றன. உப்பு மட்டும் அதிகம், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டின் தண்ணியைப் பாதியாக்கிக்கொள்ளலாம். மாமியாருக்கு இருந்தால் அவரிடமே கேட்டுச் செய்யுங்கள், தெரியாமல் குறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் உப்பிய டின்னை ஒருபோதும் தொடாதீர்கள். மூடி மேலே எழும்பியிருந்தாலோ, விரலால் அமுக்கினால் டக்கென்று உள்ளே போய் வெளியே வந்தாலோ, உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். 'கொதிக்கவைத்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே கூடாது, முகர்ந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். நடுவில் லேசாகச் சொட்டையானது பரவாயில்லை. மூடியும் உடலும் சேர்கிற விளிம்பு மடிப்பில் அடிபட்டிருந்தால் வேண்டாம், ஆலையில் நாங்கள் உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதே அந்த மடிப்பைத்தான். இன்னொன்று, திறந்து தின்னும்போது நாக்கில் மிளகு மாதிரி சுரீரென்று எரிந்தால் துப்பிவிடுங்கள். அடைப்பதற்கு முன்பே மீன் வெயிலில் கிடந்து ஹிஸ்டமின் ஏறியிருக்கும். ரிட்டார்ட் கிருமியைக் கொல்லும், ஹிஸ்டமினை ஒன்றும் செய்யாது. நான் பார்த்த இடத்தில் ஒரு தடவை ஐஸ் தாமதமாக வந்த சூரையைப் பரவாயில்லை என்று உள்ளே விட்டார்கள். சோதனைக்குத் தின்ற மூன்று பேருக்கும் முகம் சிவந்து தடித்தது, அந்த அடுக்கு முழுவதும் குழிக்குப் போனது. நல்ல டின் நல்ல மீனில்தான் தொடங்கும்.

மிச்சத்தை டின்னோடு பிரிட்ஜில் வைக்காதீர்கள். எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ மாற்றி, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். வீட்டுக் குக்கரில் மீனைப் பாட்டிலில் அடைத்துப் பார்க்கிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். ஊறுகாய் செய்யுங்கள், புளிப்பு அதிகமுள்ளதில் அந்தக் கிருமி முளைக்காது. மீனுக்கு வேண்டாம். நடுவில் எத்தனை டிகிரி போனது என்று அளக்க வீட்டில் வழியில்லை.

டின்னே மறைந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொச்சியில் 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் மீன் குழம்பையே பையில் அடைத்து ரிட்டார்டில் வேகவைக்கும் முறையை நம் நாட்டுப் பைகளிலேயே செய்து காட்டியது. பை தட்டையாக இருப்பதால் சூடு நடுவுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறது, மீன் அவ்வளவு குழைவதில்லை. சுவையில் டின்னைவிட மேல் என்று ஆலையில் இருந்தவளாகச் சொல்வேன். லயத்தில் வளர்ந்தவளாகக் கேட்டால், முள் குழையவில்லையே என்பேன்.

கடைசியாக, டின்னைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், குப்பையில் போட அவசரப்படவேண்டாம். சிலோனில் பால் டின்தான் அரிசி அளக்கும் படி. எங்கள் வீட்டில் அது அரிசி அளந்தது, மண்ணெண்ணெய் விளக்கானது, கறிவேப்பிலைக் கன்று வளர்த்தது. உங்கள் மாமியார் இன்றைக்கும் அரிசிப் பானைக்குள் என்ன போட்டு வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.